ஒட்டாத எண்ணும் ஒத்துவராத நார்மாலிட்டி டெஸ்ட்டும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆய்வேடு சமர்ப்பிக்கும் நேரம் நெருங்கும்போது என்னிடம் வருகிற கோப்புகளில் திரும்பத் திரும்ப இரண்டு கேள்விகள்தான் இருக்கும். "இந்த அவுட்லையரை எடுத்துடலாமா?", "நார்மாலிட்டி டெஸ்ட் ஃபெயில் ஆயிடுச்சு, இனி என்ன பண்றது?" (அவுட்லையர் என்றால் கூட்டத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் எண். நார்மாலிட்டி டெஸ்ட் என்றால் தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவலை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை.) விவசாயம், நர்சிங், உளவியல், வணிகவியல் என்று துறை மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. அதனால் கோட்பாட்டை விட்டுவிட்டு, உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அதை வைத்தே கீழே பிரித்திருக்கிறேன். உங்களுடைய அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் பார்ப்போம், தலைவலி பிடித்தது கடைசியில்.

கை வைக்கும் முன் ஒரு வேலை. மூலக் கோப்பை ஒரு நகல் எடுத்து, பெயரிலேயே 'மூலம்' என்று போட்டு, அதைத் தொடாமல் வைத்துவிடுங்கள். திருத்தமெல்லாம் இன்னொரு நகலில். எந்த வரியில் எந்த எண்ணை ஏன் மாற்றினீர்கள் என்று தனித் தாளில் குறித்துக்கொண்டே போங்கள். வைவாவில் கேட்டால் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தத் தாள் மட்டும்தான்.

## அறிகுறி 1: சராசரி நம்பும்படியாக இல்லை

கல்லூரி மாணவர்களின் சராசரி வயது 60 என்று வருகிறது. அல்லது திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) சராசரியைவிடப் பெரிதாக நிற்கிறது. இந்த இடத்தில் எந்தச் சோதனையும் போடாதீர்கள். அந்த நெடுவரிசையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, மேலே இருக்கும் பத்து எண்களையும் கீழே இருக்கும் பத்து எண்களையும் கண்ணால் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா? 99, 999, −9 மாதிரி. அது மதிப்பே இல்லை, 'பதில் தரவில்லை' என்பதற்குப் போட்ட குறியீடு. 200 மாணவர்களில் 8 பேர் வயது சொல்லவில்லை, அவர்களுக்கு 999 போட்டிருக்கிறது, மற்ற 192 பேரின் சராசரி 21 என்று வையுங்கள். மொத்தச் சராசரி 60.12 வரும். நிஜமான உச்ச மதிப்புகள் ஒரே எண்ணில் அச்சடித்தது போல எட்டுத் தடவை விழுவது அபூர்வம். உங்கள் புள்ளியியல் மென்பொருள் எஸ்பிஎஸ்எஸ் என்றால் வேரியபிள் வியூவில் 'மிஸ்ஸிங்' பகுதியில் அந்தக் குறியீட்டை அறிவியுங்கள். ஆர் என்றால் என்ஏ ('மதிப்பு இல்லை' என்ற குறி) ஆக மாற்றுங்கள். காலியாக விடுவதும் 0 போடுவதும் ஒன்றுதான் என்று நினைத்து 0 போடுகிறவர்கள் உண்டு, அது 999ஐவிட மோசம், ஏனென்றால் கண்ணில் படாது.

ஒட்டாத எண்ணை இடைநிலை அளவால் (எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) வகுத்துப் பாருங்கள். விடை 10 அல்லது 100ஐ ஒட்டி வந்தால் புள்ளி தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது, அல்லது அலகு மாறியிருக்கிறது. ஹீமோகுளோபினை ஒரு ஆய்வகம் டெசிலிட்டருக்கு 12.5 கிராம் என்று தரும், இன்னொன்று லிட்டருக்கு 125 கிராம் என்று தரும், இரண்டும் ஒரே அளவு. ரத்தச் சர்க்கரையில் 18 மடங்கு வித்தியாசம் வந்தால் மில்லிகிராமும் மில்லிமோலும் கலந்துவிட்டன (126க்கு அங்கே 7.0). நிலப் பரப்பில் 2.47 வந்தால் ஏக்கரும் ஹெக்டேரும், 100 வந்தால் சென்ட்டும் ஏக்கரும். உயரம் '5.4' என்று இருந்தால் அது ஐந்தடி நாலங்குலமா, ஐந்தடி நாலே முக்கால் அங்குலச் சொச்சமா என்றெல்லாம் ஊகிக்காமல் படிவத்தை எடுத்துப் பாருங்கள்.

45,000ஐச் சுற்றி ஒரு எண் நிற்கிறதா? இது எக்செல் வேலை. வயதுப் பிரிவு என்று '5-10' தட்டினால் எக்செல் அதை அக்டோபர் 5ஆம் தேதி ஆக்கிவிடும், பிறகு எண் வடிவத்துக்கு மாற்றினால் 45570 என்று நிற்கும் (2024இல் தட்டியிருந்தால்). மரபணு ஆய்வாளர்களுக்கு இந்தத் தொல்லை தாங்காமல், 2020இல் மனித மரபணுப் பெயர்களை முறைப்படுத்தும் குழு மார்ச், செப்டம்பர் என்று தேதியாக மாறிக்கொண்டிருந்த மரபணுக்களின் பெயர்க் குறியீட்டையே மாற்றியது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். தட்டும் முன் அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கினால் போதும்.

படிவம் கையில் இருந்தால் பார்த்துத் திருத்துங்கள். படிவம் இல்லை, எண்ணும் நடக்கவே முடியாதது (வயது 210) என்றால் காலி மதிப்பாக்கி, அதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். படிவம் இல்லை, ஆனால் எண் நடக்கக்கூடியதுதான் என்றால் தொடாதீர்கள், அறிகுறி 2க்குப் போங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஒட்டாத எண்கள் ஒரே களப்பணியாளரின் படிவங்களில், அல்லது ஒரே கருவியில் எடுத்த அளவுகளில் மட்டும் குவிந்தால் அதை நீங்கள் மேசையில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. வழிகாட்டியிடம் சொல்லுங்கள். திரும்ப அளக்க வேண்டியிருக்கலாம், அது வலிக்கும், ஆனாலும் வேறு வழி கிடையாது.

## அறிகுறி 2: எண் சரிதான், ஆனால் கூட்டத்தோடு சேரவில்லை

தட்டச்சுப் பிழை இல்லை, அலகு சரி, படிவத்திலும் அதேதான். ஆனால் பாக்ஸ் பிளாட்டில் (தரவின் நடுப் பாதியைப் பெட்டியாக வரையும் படம்) வட்டம் போட்டுத் தனியாக நிற்கிறது. டெலிட் பொத்தானுக்குக் கை போவது இங்கேதான், நான் அதிகம் சண்டை போடுவதும் இங்கேதான்.

சார்லஸ் டார்வினின் மக்காச்சோளத் தரவை எடுத்துக்கொள்வோம். அயல் மகரந்தச் சேர்க்கையில் வந்த செடி ஒன்று, தன் மகரந்தச் சேர்க்கையில் வந்த செடி ஒன்று, இப்படி 15 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் உயர வித்தியாசம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அலகில்: 49, −67, 8, 16, 6, 23, 28, 41, 14, 29, 56, 24, 75, 60, −48. புள்ளியியலாளர் ஃபிஷர் 1935இல் இதை எடுத்து அலசிய பிறகு பாடம் நடத்துகிறவர்களுக்கு இது பழகிய தரவாகிவிட்டது. −67உம் −48உம் ஒட்டவில்லை என்று பார்த்தவுடன் தெரிகிறது, இல்லையா? இப்போது மூன்று வழக்கமான விதிகளையும் போட்டுப் பாருங்கள்.

சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு அப்பால் இருப்பது அவுட்லையர் என்பது முதல் விதி. சராசரி 20.93, திட்ட விலக்கம் 37.74. −67இன் இசட் மதிப்பு (சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பது) −2.33தான். ஆக, அவுட்லையர் ஒன்றும் இல்லை. கால்மானங்களிலிருந்து கால்மான இடைவெளியைப் போல (நடுப் பாதித் தரவின் அகலம்) ஒன்றரை மடங்கு தாண்டினால் அவுட்லையர் என்ற டூக்கி விதியில் (பாக்ஸ் பிளாட் போடுவது இதைத்தான்) கீழ் எல்லை −40, ஆகவே இரண்டுமே அவுட்லையர். இடைநிலை அளவிலிருந்து விலகல்களின் இடைநிலையை வைத்துப் பார்க்கிற, 3.5ஐ எல்லையாகக் கொண்ட திருத்திய இசட் மதிப்பில் −67க்கு 3.61, −48க்கு 2.86. ஆக, ஒன்றே ஒன்று. ஒரே 15 எண்கள், மூன்று விதி, மூன்று விடை: சுழியம், இரண்டு, ஒன்று. விதி சொன்னது என்று எழுதி எடுத்துவிட்டால் எந்த விதி என்று யாராவது கேட்பார்கள்.

முதல் விதி ஏன் கோட்டை விட்டது? அந்த இரண்டு எண்களே திட்ட விலக்கத்தை ஊதிப் பெரிதாக்கிவிட்டன, பிறகு அதே திட்ட விலக்கத்துக்குள் ஒளிந்துகொண்டன. சிறிய தரவில் இது இன்னும் மோசம். இசட் மதிப்புக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு: எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. பத்துப் பேர் இருக்கும் தரவில் அது 2.85. அதாவது பத்தில் ஒன்று கோடி ரூபாயாகவே இருந்தாலும் 'மூன்று திட்ட விலக்க' விதி அதைப் பிடிக்கவே பிடிக்காது. சிறு குழுக்களை வைத்துக்கொண்டு "இசட் மதிப்புப்படி அவுட்லையர் இல்லை" என்று எழுதியிருக்கும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது இதைத்தான் முதலில் சொல்வேன்.

சரி, எடுத்தால் என்ன ஆகும்? 15 ஜோடியையும் வைத்து டி சோதனை (சராசரி வித்தியாசத்தைச் சோதிப்பது) செய்தால் டி மதிப்பு 2.15, பி மதிப்பு (நிஜத்தில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு; 0.05க்குக் கீழே என்றால் 'முக்கியத்துவம்' என்பது வழக்கம்) 0.0497. நூலிழையில் 'முக்கியத்துவம்' கிடைக்கிறது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் சராசரி 33 ஆகிறது, டி மதிப்பு 5.52க்கு எகிறுகிறது. ஊசலாடிக்கொண்டிருந்த முடிவு இரண்டு வரியை அழித்ததும் அசைக்க முடியாத முடிவு மாதிரி தெரிகிறது. தன் மகரந்தச் சேர்க்கைச் செடி நன்றாக வளர்ந்த ஜோடிகளே அவை இரண்டும்தான் என்பதைக் கவனியுங்கள். எதிர்சாட்சியை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு எழுதிய தீர்ப்பு அது.

எடுக்காமலே என்ன செய்யலாம்? வரிசைத் தரத்தை மட்டும் பார்க்கும் வில்காக்சன் சோதனையில் இதே 15 ஜோடிக்கு பி மதிப்பு 0.041. வித்தியாசங்களின் கூட்டல் கழித்தல் குறியை எல்லா விதமாகவும் மாற்றிப்போட்டுக் கணக்கிடும் முறையில் 0.053. மூன்று வழியிலும் விடை 0.05ஐச் சுற்றியே நிற்கிறது. ஆய்வேட்டில் எழுத வேண்டியது இதைத்தான்: 'சான்று இருக்கிறது, ஆனால் பலமானதல்ல'.

ஆகவே இந்த அறிகுறிக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் அந்த வரியில் இருக்கும் ஆளோ செடியோ கடையோ உங்கள் ஆய்வு வரையறைக்குள் வருகிறதா என்று பாருங்கள். சிறு விவசாயிகளைப் பற்றிய ஆய்வில் 80 ஏக்கர்காரர் நுழைந்திருந்தால் அவரை நீக்கலாம், காரணம் அவருடைய எண் பெரிது என்பதல்ல, அவர் சிறு விவசாயி அல்ல என்பது. அதே அளவுகோலை மற்ற எல்லா வரிக்கும் போட வேண்டும். வரையறைக்குள் வருகிறார் என்றால் வைத்து ஒருமுறை, எடுத்து ஒருமுறை என்று இரண்டு முறை கணக்குப் போடுங்கள். முடிவு மாறவில்லையா, வைத்துக்கொண்டே எழுதிவிட்டு ஒரு வரியில் அதைச் சொல்லுங்கள். மாறுகிறதா, இரண்டையும் அட்டவணையில் கொடுங்கள். எதைக் காட்டுவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சில தரவில் அந்த ஒற்றை எண்தான் விஷயமே. 2015 நவம்பரில் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்த மாதத்தின் வழக்கமான அளவு 400ஐ ஒட்டியது. அதற்கு முன் அதைவிட அதிகம் என்றால் 1918 நவம்பரின் 1,088. எந்த விதியைப் போட்டாலும் 2015 அவுட்லையர்தான். மழைநீர் வடிகால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் அதை அழித்தால் மிச்சமிருக்கும் தரவை வைத்து என்ன செய்வார்?

எப்போது ஆளைக் கூப்பிடுவது: உங்கள் கேள்வியே உச்ச மதிப்புகளைப் பற்றியது என்றால், வெள்ளம், காப்பீட்டு இழப்பு, உச்ச மின்தேவை மாதிரி, சராசரியை வைத்துப் போடும் சோதனைகள் உதவாது. உச்ச மதிப்புப் பரவல் தெரிந்தவரிடம் போங்கள். இது யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை அல்ல.

## அறிகுறி 3: ஷாபிரோ-வில்க் பி மதிப்பு 0.05க்குக் கீழே

எஸ்பிஎஸ்எஸ்ஸில் 'எக்ஸ்ப்ளோர்' போட்டால் இரண்டு நார்மாலிட்டி சோதனை வரும், கோல்மோகோரோவ்-ஸ்மிர்னோவும் ஷாபிரோ-வில்க்கும். இரண்டும் வேறு வேறு சொன்னால் ஷாபிரோ-வில்க்கைப் பாருங்கள், கோணலைக் கண்டுபிடிப்பதில் அது பொதுவாகக் கூர்மையானது. அப்புறம் கீழே இருக்கும் கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

எதைச் சோதித்தீர்கள்? இதுதான் மிக மலிவான காரணம், மிக அதிகமாகப் பார்ப்பதும் இதுதான். ஆண், பெண் உயரத்தை ஒரே நெடுவரிசையில் கொட்டிச் சோதித்தால் அது இயல்நிலைப் பரவலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. டி சோதனை, அனோவா (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது), ரெக்ரஷன் (ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கக் கோடு போடுவது) எல்லாவற்றிலும் இயல்நிலை வேண்டியது எச்சங்களுக்கு, அதாவது குழுச் சராசரியையோ ரெக்ரஷன் கோட்டையோ கழித்த பிறகு மிஞ்சுவதற்கு. ரெக்ரஷன் சமன்பாட்டில் வலது பக்கம் போடும் காரணி மாறிகளுக்கு அந்த நிபந்தனையே கிடையாது. ஜோடி டி சோதனை என்றால் 'முன்', 'பின்' இரண்டையும் தனித்தனியாகச் சோதிப்பதில் பயனில்லை, வித்தியாசத்தைச் சோதியுங்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஜெனரல் லீனியர் மாடலில் யூனிவேரியட் போய் 'சேவ்' பொத்தானில் ரெசிடுவல்ஸை டிக் செய்தால் புது நெடுவரிசையாக வந்துவிடும். அதன்மேல் சோதனையைத் திரும்பப் போடுங்கள். பல நேரம் பிரச்சினை அங்கேயே காணாமல் போகும்.

மதிப்புகள் எத்தனை வகை? ஒன்று முதல் ஐந்து வரை டிக் அடிக்கும் ஒற்றைக் கேள்வி என்றால் மொத்தமே ஐந்து மதிப்புதான். 200 பேரிடம் கேட்டால் அது எந்த நார்மாலிட்டி சோதனையிலும் தேறாது, தேற வேண்டியதும் இல்லை. வயதைக் கேட்டால் 40, 45, 50 என்று குவிவதும், ரத்த அழுத்தம் எல்லாம் சுழியத்தில் முடிவதும் இதே வகை. தரவு கோணலாக இல்லை, முழு எண்ணுக்கு ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

எத்தனை பேர்? ஆயிரம் பேரை வைத்துக்கொண்டால் ஷாபிரோ-வில்க் கண்ணுக்கே தெரியாத கோணலையும் பிடித்துக் கொடுக்கும். (ஆரில் இருக்கும் சோதனை 5,000 பேருக்கு மேல் ஓடவே ஓடாது.) இந்த நிலையில் பி மதிப்பைப் பார்க்காமல் கியூ-கியூ வரைபடத்தைப் பாருங்கள் (தரவு இயல்நிலையாக இருந்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும் படம்). புள்ளிகள் கோட்டோடு ஒட்டிப் போய் ஓரத்தில் மட்டும் லேசாக விலகினால், சராசரிகளை ஒப்பிடுவதுதான் உங்கள் வேலை என்றால், அத்தனை பேர் இருக்கும்போது டி சோதனை தாங்கும். இரண்டு ஓரமும் எதிரெதிர்த் திசையில் வளைந்தால் வால் கனமானது, அவுட்லையர் பக்கம் போய்ப் பாருங்கள். முழுக் கோடும் வில்லாக வளைந்தால் தரவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அறிகுறி 4.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. சராசரியை அல்லாமல் தனி ஆளின் எல்லையைக் கணிக்கிறீர்கள் என்றால், உதாரணமாக 'ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் இந்த அளவுக்குள் இருப்பார்கள்' என்று ஆய்வகத்துக்கு இயல்பு எல்லை போட்டுக் கொடுக்கிறீர்கள் என்றால், பத்தாயிரம் பேர் இருந்தாலும் பரவலின் வடிவம் முக்கியம். அங்கே திட்ட விலக்கத்தை 1.96ஆல் பெருக்குவதை விட்டுவிட்டு, 2.5, 97.5 சதமானங்களை நேராக எடுங்கள்.

தலைகீழ் அறிகுறி: எட்டுப் பேர்தான், பி மதிப்பு 0.40, 'நார்மல்' என்று எழுதிவிட்டீர்கள். எட்டுப் பேரை வைத்து இந்தச் சோதனையால் பெரிய கோணலைக்கூடப் பெரும்பாலும் பிடிக்க முடியாது. 'கண்டுபிடிக்கவில்லை' என்பதை 'இல்லை' என்று எழுதாதீர்கள். இந்த அளவுக்குச் சிறிய தரவில் முந்தைய ஆய்வுகளில் அந்த அளவு எப்படிப் பரவியிருந்தது என்று பார்த்து முடிவெடுங்கள், அதையே காரணமாக எழுதுங்கள்.

இன்னொன்று. குழுக்களின் அளவும் வேறு, சிதறலும் வேறு என்றால் இயல்நிலை இல்லாததைவிட அதுதான் டி சோதனையை அதிகம் ஏமாற்றும். அதற்கு வெல்ச் முறை 1947 முதலே இருக்கிறது. ஆரில் டி சோதனை போட்டால் தானாகவே வெல்ச்தான் வரும், எஸ்பிஎஸ்எஸ்ஸில் அட்டவணையின் இரண்டாவது வரி அது. எல்லோரும் முதல் வரியை எடுத்து எழுதுகிறார்கள். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஒரே ஆளிடம் பல தடவை அளந்திருந்தாலோ, ஒரே பள்ளி, ஒரே கிராமம் என்று கொத்துக் கொத்தாக எடுத்திருந்தாலோ கூப்பிடுங்கள். அங்கே உங்கள் பிரச்சினை நார்மாலிட்டி அல்ல. வரிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதுதான், அது இதைவிடப் பெரியது.

## அறிகுறி 4: வலது பக்கம் நீண்ட வால்

வருமானம், மருத்துவமனையில் தங்கிய நாட்கள், செலவு, பூச்சிகளின் எண்ணிக்கை. இவை இப்படித்தான் இருக்கும், கோளாறு என்று நினைக்க வேண்டாம். இந்த மாதிரித் தரவில் டூக்கி விதியைப் போட்டால் ஒரு டஜன் 'அவுட்லையர்' வரும், ஒன்றுகூட அவுட்லையர் இருக்காது.

மலிவான வழி எண்களுக்கு மடக்கை (லாக்) எடுப்பது. எடுத்த பிறகு எச்சங்களின் கியூ-கியூ வரைபடத்தைத் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் வலது பக்கத்து வாலை அடக்கும்போது இடது பக்கத்துச் சிறிய எண்கள் புது அவுட்லையராக முளைக்கும். தரவில் சுழியம் இருந்தால் மடக்கை கிடையாது. உடனே எல்லோரும் 1 கூட்டுகிறார்கள். ரூபாயில் இருக்கும் தரவோடு 1 கூட்டுவதும், ஆயிரம் ரூபாய் அலகில் இருக்கும் தரவோடு 1 கூட்டுவதும் ஒன்றல்ல, முடிவே மாறும். சுழியம் ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம். நிறைய என்றால் வேண்டாம்.

விடையைத் திரும்ப ரூபாய்க்கு மாற்றும்போது இன்னொரு பள்ளம். 1,000, 10,000, 1,00,000 என்று மூன்று செலவுகள். சராசரி 37,000. மடக்கை எடுத்துச் சராசரி கண்டு திரும்ப மாற்றினால் 10,000. அது பெருக்குச் சராசரி, இரண்டும் வேறு. வழக்கமான நோயாளிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால் 10,000 பொருத்தமான விடை. அடுத்த வருடம் மருத்துவமனைக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் 37,000ஐத்தான் ஆள் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

எண்ணிக்கைத் தரவு என்றால் மடக்கையோடு மல்லுக்கட்டாமல் எண்ணிக்கைக்கென்றே இருக்கும் பாய்சான் அல்லது நெகட்டிவ் பைனாமியல் மாடல் போடுங்கள், எஸ்பிஎஸ்எஸ்ஸிலேயே இருக்கிறது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பாதிக்கு மேல் சுழியம் (தினசரி மழையளவில் வருவது போல), அல்லது கருவி அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று சில மதிப்புகள் 'இதற்குக் கீழே' என்றே பதிவாகியிருப்பது. அந்த இடத்தில் சுழியமோ பாதி அளவோ நீங்களாகப் போட்டு நிரப்ப வேண்டாம்.

## அறிகுறி 5: ஹிஸ்டோகிராமில் இரண்டு மேடு

எந்த மாற்றமும் இதைச் சரிசெய்யாது, சரிசெய்யவும் கூடாது. இரண்டு வேறு கூட்டங்கள் ஒரே நெடுவரிசையில் கலந்திருக்கின்றன என்றே முதலில் சந்தேகப்படுங்கள். ஆண்-பெண், காலை-மாலை அளவு, பழைய கருவி-புதிய கருவி, இரண்டு ஆய்வகம். ஒவ்வொன்றாக நிறம் பிரித்து வரைந்து பாருங்கள்.

ரேலீ பிரபு 1890களில் நைட்ரஜனை எடைபோட்டபோது நடந்தது இதுதான். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் அவருடைய குடுவையில் 2.310 கிராம் அளவில் நின்றது, வேதிப்பொருட்களிலிருந்து எடுத்தது 2.299 அளவில். அரை சதவீதம்கூட இல்லாத வித்தியாசம். கலந்து சராசரி எடுத்து விடாமல் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்து வைத்திருந்ததால்தான், காற்றில் வேறொரு வாயு கலந்திருக்கிறது என்ற இடத்துக்கு அவரும் ராம்சேயும் போக முடிந்தது. 1894இல் அறிவித்த ஆர்கான் அது.

## அறிகுறி 6: ஒரே ஒரு புள்ளியால் ரெக்ரஷன் கோடு திரும்புகிறது

பெரிய எச்சம் எங்கே என்று தேடுவது முதல் சோதனை. ஆனால் அது மட்டும் போதாது. ஆன்ஸ்கோம் 1973இல் கொடுத்த நான்கு தரவுகளில் நான்காவதைப் பாருங்கள்: பத்துப் புள்ளிகளுக்குக் காரணி மதிப்பு 8, ஒன்றுக்கு மட்டும் 19. ஒட்டுறவுக் கெழு 0.82 என்று அழகாக வருகிறது. அந்தப் பதினோராவது புள்ளியின் எச்சம் சுழியம், ஏனென்றால் கோடு அதன் வழியாகவே போகிறது. அதை எடுத்துவிட்டால் கோடு போடவே முடியாது. எச்சத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தத் தரவிலேயே ஒழுக்கமான புள்ளியாகத் தெரிவது அதுதான்.

ஆகவே எச்சத்தோடு சேர்த்து லெவரேஜையும் (காரணி மதிப்பு மற்றவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது) குக் தூரத்தையும் (அந்தப் புள்ளியை எடுத்தால் கோடு எவ்வளவு மாறும்) கேளுங்கள், எல்லா மென்பொருளிலும் டிக் செய்தால் வரும். குக் தூரம் 1ஐத் தாண்டினால் நிச்சயம் பாருங்கள். தாண்டாவிட்டாலும் மற்றவற்றைவிட ஒன்று மட்டும் உயர்ந்து நின்றால் பாருங்கள். பார்த்த பிறகு செய்வது அறிகுறி 2இல் சொன்னதேதான்.

## அறிகுறி 7: டி சோதனையும் மான்-விட்னியும் ஒத்துப்போகவில்லை

இரண்டும் ஒரே கேள்விக்கு விடை தருவதாக நினைப்பதால் வரும் குழப்பம். டி சோதனை சராசரியைக் கேட்கிறது. மான்-விட்னி, ஒரு குழுவிலிருந்து எடுத்த ஆள் இன்னொரு குழுவிலிருந்து எடுத்த ஆளைவிட மேலே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிறது. இரண்டு குழுக்களின் வடிவமும் ஒன்றாக இருந்தால்தான் அதை இடைநிலை அளவுகளின் ஒப்பீடு என்று எழுதலாம், ஆய்வேடுகளில் வடிவத்தைப் பார்க்காமலே எழுதிவிடுகிறார்கள். உங்கள் ஆய்வுக் கேள்வி எதுவோ அதற்குரியதை எடுங்கள். இரண்டையும் போட்டுப் பார்த்து எதில் 0.05க்குக் கீழே வந்ததோ அதை எழுதுவது மோசடி, வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## வழிகாட்டி "நார்மாலிட்டி டெஸ்ட் எங்கே?" என்று கேட்டால்

வாக்குவாதம் வேண்டாம், ஒரு பத்தி எழுதிக் கொடுங்கள். இந்த மாதிரி: 'மாடலின் எச்சங்கள் கியூ-கியூ வரைபடத்தால் பரிசோதிக்கப்பட்டன. மேல் ஓரத்தில் இரு புள்ளிகள் விலகியிருந்தன, மூலப் படிவத்தோடு ஒப்பிட்டதில் பதிவு சரியெனத் தெரிந்தது. அவற்றைச் சேர்த்தும் நீக்கியும் செய்த பகுப்பாய்வுகள் அட்டவணை 6இல் உள்ளன.' ஷாபிரோ-வில்க் எண்ணும் வேண்டும் என்றால் எச்சங்களுக்குப் போட்டு அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுங்கள்.

புள்ளியியலாளரிடம் போகும் கட்டம் வந்தால் வெறும் எஸ்பிஎஸ்எஸ் அவுட்புட்டோடு போகாதீர்கள். திருத்தாத மூலக் கோப்பு, எந்தக் குறியீட்டுக்கு என்ன அர்த்தம் என்ற பட்டியல், நீங்கள் மாற்றியதைக் குறித்த தாள், ஆய்வுக் கேள்வி ஒரே வரியில், இந்த நான்கும் வேண்டும். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் பெரும்பாலும் ஒருவர் இருப்பார், மற்றவர்கள் பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் துறையில் கேட்கலாம். தரவு சேகரிக்கும் முன்பே போக முடிந்தால் போய்விடுங்கள். 999 போடுவதா காலியாக விடுவதா, எந்த அலகில் எழுதுவது, அவுட்லையர் வந்தால் என்ன விதி என்பதெல்லாம் அப்போதே ஒரு தாளில் முடிவாகிவிடும், அதில் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.